குடியானவர் கைகளில் நேரும் சுளுக்கும் பிணைநார்க் காயமும்

மாடு ஒரு காலை நொண்டினால் அன்றைக்கே அதை ஏரிலிருந்து அவிழ்த்து விடுகிறோம். இயந்திரக் கலப்பையில் ஓர் ஆணி தளர்ந்தால் வேலையை நிறுத்தி அதை முடுக்குகிறோம். ஆனால் நம்முடைய விரல் ஒன்று மடங்கி வீங்கினால், ‘சுளுக்குத்தானே, நீவிவிட்டால் சரியாய்ப் போகும்’ என்று சொல்லி மறுநாளும் மண்வெட்டியைப் பிடிக்கிறோம். இவ்வாறு அலட்சியம் செய்யப்பட்ட விரல்களிற் பெரும்பாலானவை எப்படியோ குணமாகிவிடுகின்றன என்பது மெய்யே. ஆயினும் சில விரல்கள் குணமாவதில்லை. அவை வளைந்தோ, விறைத்தோ, பிடிப்பற்றோ போய், அரிவாள் பிடிக்கவும் நாற்று நடவும் பால் கறக்கவும் ஆயுள் முழுவதும் சரிவர உதவாமற் போகின்றன. தானே ஆறும் சுளுக்கு எது, வைத்தியமின்றி ஆறாத காயம் எது என்பதை முதல் வாரத்திலேயே பிரித்தறிவதுதான் இதில் முக்கியமான காரியம். காலந் தாழ்த்தி அறிவதனால் பிரயோஜனம் குறைவு. அவ்விதம் பிரித்தறியும் முறையை விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்ளும் பொருட்டு இவ்வியாசம் எழுதப்படுகிறது.

1. நமது பகுதியில் இக்காயங்கள் நேரும் விதம்

கடலூர் ஜில்லாவில் கைக்கு ஓய்வான மாதம் என்று ஒன்று இல்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் தாலுகாக்களில் கீழணையிலிருந்தும் வீராணம் ஏரியிலிருந்தும் நீர் பெறும் நிலங்களில் சம்பா நடவும், பின்னர்த் தை மாசியில் அறுவடையும் நடைபெறுகின்றன. நெல்லிக்குப்பத்தைச் சுற்றிய ஊர்களில் கரும்பை வெட்டிக் கட்டி வண்டியில் ஏற்றும் வேலை பல மாதங்கள் நீடிக்கிறது. பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும், விருத்தாசலம் பக்கத்தில் நிலக்கடலையும் கைகளுக்கு வேலை கொடுக்கின்றன. இவை யாவற்றிலும் விரல் மூட்டுக்குக் கேடு விளையும் சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் பின்வருவனவே:

(அ) மாட்டைப் பிடித்திருக்கும் கயிற்றை உள்ளங்கையிலோ விரலிலோ சுற்றிக்கொண்டு நிற்கும்போது மாடு மிரண்டு இழுத்தல்.

(ஆ) சேற்று வரப்பில் வழுக்கிக் கையை ஊன்றி விழுதல். அச்சமயம் கையில் மண்வெட்டிக் காம்போ தடியோ இருக்குமாயின், விழுந்த வேகத்தில் அது பெருவிரலை வெளிப்புறமாகத் தள்ளிவிடும்.

(இ) கதிர்க்கட்டு, கரும்புக்கட்டு, உரமூட்டை முதலியவற்றைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் விரல் சிக்கிப் பின்னுக்கு மடங்குதல்.

(ஈ) கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பும் டீசல் எஞ்சினின் பிடி எதிர்த்து அடித்தல்.

(உ) சடுகுடு ஆட்டத்தில் எதிராளியின் சட்டையைப் பற்றிய விரல் வலிந்து இழுக்கப்படுதல்.

2. விரல் மூட்டின் அமைப்பு

காயத்தை அறியுமுன் மூட்டின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். பெருவிரல் நீங்கலான மற்ற நான்கு விரல்களில் ஒவ்வொன்றுக்கும் அடிமூட்டு, நடுமூட்டு, நுனிமூட்டு என மூன்று மூட்டுகள் உண்டு. நடுமூட்டும் நுனிமூட்டும் கதவின் கீலைப் போன்றவை. மடங்கவும் நிமிரவும் செய்யுமேயன்றிப் பக்கவாட்டில் சாயா. அவ்விதம் சாயாதபடி காப்பவை எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இரண்டு உறுதியான நார்கள். அவை மூட்டின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்துள்ளன. உள்ளங்கைப் பக்கத்தில் தகடு போன்ற தடித்த நார் ஒன்று இருந்துகொண்டு, விரல் புறங்கைப் பக்கமாக அளவுக்கு மிஞ்சி வளையாதபடி தடுக்கிறது. இந்நார்களையே பேச்சு வழக்கில் ‘ஜவ்வு’ என்கிறோம். இவ்வியாசத்தில் அவற்றைப் பிணைநார் என்று குறிப்போம்.

பிணைநார் வேறு, தசைநாண் வேறு. முன்கையிலுள்ள தசையிலிருந்து புறப்பட்டு வந்து விரலை இழுத்து மடக்குவதும் நிமிர்த்துவதும் தசைநாணின் வேலை. ஏர்க்காலையும் நுகத்தடியையும் அசையாமற் பிணைக்கும் கயிற்றைப் பிணைநாருக்கும், மாட்டை வேண்டிய பக்கம் இழுத்துத் திருப்பும் கயிற்றைத் தசைநாணுக்கும் ஒப்பிடலாம். இவ்விரண்டினும் வேறானது நரம்பு. அது உணர்ச்சியையும் மூளையின் ஏவலையும் கொண்டு செல்வது. ‘நரம்பு பிசகிவிட்டது’ என்று ஊர்களில் சொல்லப்படுவனவற்றில் அநேகம் உண்மையில் பிணைநாரிலோ தசைநாணிலோ நேர்ந்த காயங்களே. பெயரைத் தவறாக அறிவதனால் வைத்தியமும் தவறிவிடுகிறது. ஏனெனில், பிசகியதாக எண்ணி அதை ‘இருந்த இடத்துக்குத் தள்ளும்’ பொருட்டு நீவுகிறார்கள். கிழிந்த நாரை நீவினால் கிழிசல் பெரிதாகுமேயன்றிக் கூடாது.

3. காயத்தின் மூன்று படிகள்

பிணைநார்க் காயத்தை வைத்தியர்கள் மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள்.

முதற்படியில் நார் நீண்டு நொந்திருக்கும்; அறுந்திராது. வலியும் சிறிது வீக்கமும் காணும். மூட்டு உறுதியாகவே இருக்கும்.

இரண்டாம் படியில் நாரின் ஒரு பகுதி கிழிந்திருக்கும். வீக்கம் மிகுதியாயும், தோல் கன்றிக் கருநீலமாயும் இருக்கும். மூட்டில் சிறிது தளர்ச்சி உண்டாகும். எனினும் அது நிலைகுலைவதில்லை.

மூன்றாம் படியில் நார் முற்றிலும் அறுந்துபோகும். அல்லது தான் பற்றியிருந்த எலும்பின் சிறு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். விரல் பக்கவாட்டில் சாயும். சில சமயம் மூட்டே விலகிவிடும்.

வலியின் அளவைக் கொண்டு படியை நிச்சயிப்பது சரியன்று. பாதி கிழிந்த நார் மிகுதியாக வலிக்க, முற்றும் அறுந்த நார் சில நாட்களில் வலி குறைந்து நோயாளியை ஏமாற்றுவதும் உண்டு. ‘வலி போய்விட்டது, ஆனால் பிடிப்பு இல்லை’ என்று ஒருவர் சொல்வாராயின் அதை நல்ல அறிகுறியாகக் கொள்ளலாகாது.

4. அடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அடிபட்ட கையிலுள்ள மோதிரங்களையும் வளையல்களையும் உடனே கழற்றிவிட வேண்டும். வீக்கம் கண்ட பிறகு மோதிரம் கழலாது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலுக்கே ஆபத்து நேரிடும்.

இரண்டாவதாக, கையை மார்புக்கு மேலாக உயர்த்தி வைத்திருக்க வேண்டும். தொங்கவிட்ட கையில் வீக்கம் ஏறும். மேல்துண்டைக் கழுத்தில் கட்டித் தூளியாக்கிக் கையைத் தாங்கச் செய்யலாம்.

மூன்றாவதாக, பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து அல்லது பதினைந்து நிமிஷ நேரம் வைக்கலாம். முதல் இரண்டு நாட்களில் சில மணிக்கொரு தரம் இவ்வாறு செய்யலாம். பனிக்கட்டி கிடையாவிடில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியே போதும். பனிக்கட்டியை வெறுந்தோலின்மேல் வைத்தால் தோல் புண்படும்.

நான்காவதாக, தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் சுத்தமான நீரால் கழுவிச் சுத்தமான துணியால் மூடி அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். சாணமும் தொழுவ மண்ணும் பழகும் கையில் ஏற்பட்ட காயத்துக்கு, வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய் வராதபடி தடுக்கும் ஊசி பற்றி வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. செய்யத் தகாதவை

முதல் மூன்று நாட்களில் எண்ணெய் தேய்த்து நீவுதலும், வெந்நீர் ஒத்தடமும் கூடா. அவை உள்ளே கசியும் இரத்தத்தையும் வீக்கத்தையும் மிகுவிக்கும்.

கோணிய விரலை இழுத்து நேராக்க முயலலாகாது. மூட்டு விலகியிருக்கும்போது எலும்பும் முறிந்திருத்தல் கூடும். கிழிந்த நார் மூட்டுக்குள் சிக்கிக்கொண்டிருப்பதும் உண்டு. அந்நிலையில் வலிந்து இழுத்தால் எளிதாகச் சரிசெய்யக் கூடியது அரிதாகிவிடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, விரலை மரக்கச் செய்து மூட்டை அமர்த்துவதே முறை.

மூங்கிற் பட்டையும் துணியும் கொண்டு இறுகக் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாய் உண்டு. ஆந்திர தேசத்துப் புத்தூர்க் கட்டின் பெயரை அறியாத ஊரில்லை. அசையாமல் வைப்பதென்ற அதன் கருத்தில் உண்மை உண்டு. ஆனால் எக்ஸ்ரே இன்றிக் கட்டுவதாலும், வீக்கம் ஏறுங் காலத்தில் இறுகக் கட்டுவதாலும், வாரக் கணக்கில் அவிழ்க்காமல் விடுவதாலும் தீங்கு விளைகிறது. எவர் போட்ட கட்டாயினும் சரி, விரல் நுனி வெளுத்தோ நீலித்தோ குளிர்ந்தோ மரத்தோ போனால், அல்லது வலி நேரத்துக்கு நேரம் பொறுக்க முடியாதபடி ஏறினால், அக்கட்டை அப்பொழுதே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் விரலை இழப்பதற்கு வழியாகும்.

6. அண்டை விரற்கட்டும் மூட்டுப் பயிற்சியும்

முதற்படிச் சுளுக்குகளுக்கும், வைத்தியர் பார்த்து மூட்டு உறுதியாயுள்ளது என்று சொன்ன இரண்டாம் படிக் காயங்களுக்கும் ஏற்ற எளிய வைத்தியம் அண்டை விரற்கட்டு ஆகும். அடிபட்ட விரலை அதன் பக்கத்திலுள்ள நல்ல விரலோடு சேர்த்துக் கட்டுவதே இது. பழகாத கன்றைப் பழகிய மாட்டோடு பிணைத்து நடத்துவது போல, நல்ல விரல் நோயுற்ற விரலை நேர்வழியில் நடத்திச் செல்லும்.

கட்டும் முறையாவது: இரு விரல்களுக்கும் நடுவே மெல்லிய பஞ்சோ துணி மடிப்போ வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் வியர்வையால் தோல் ஊறிப் புண்ணாகும். ஒட்டுப் பட்டியைக் குறுகலாகக் கத்தரித்து, நடுமூட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஒட்ட வேண்டும். மூட்டின்மேல் ஒட்டலாகாது, மூட்டு தாராளமாய் மடங்க வேண்டும். சுண்டுவிரலுக்கு மோதிர விரலையும், ஆட்காட்டி விரலுக்கு நடுவிரலையும் துணையாக்குவது வழக்கம். நனைந்த பட்டியை அன்றே மாற்றிவிட வேண்டும். சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் இக்கட்டு வேண்டியிருக்கும்.

கட்டிய கையைச் சும்மா வைத்திருத்தல் தவறு. வீக்கம் தணியத் தொடங்கியதும், நாளொன்றுக்கு நான்கைந்து முறை, முறைக்குப் பத்துத் தடவை, வலி பொறுக்கும் மட்டும் விரலை மெல்ல மடக்கி நிமிர்த்த வேண்டும். அசைவற்று நெடுநாள் கிடந்த மூட்டு, நீரின்றி வெடித்த களிமண் நிலம்போல் இறுகிவிடும். பின்னர் அதை இளக்குவது மிகவும் பிரயாசை.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. அடிமூட்டின் பக்கப் பிணைநார்கள் விரல் நிமிர்ந்திருக்கையில் தளர்ந்தும், மடங்கியிருக்கையில் விறைத்தும் நிற்கும் இயல்புடையன. அடிமூட்டுகளை நிமிர்த்தித் தட்டையான பலகையில் பல வாரம் கட்டி வைத்தால் அந்நார்கள் தளர்ந்த நிலையிலேயே சுருங்கிப் போகும். அப்பால் முஷ்டி பிடிக்க இயலாது. அதனாலேயே, அசையாமல் வைக்க நேரும்போது வைத்தியர்கள் அடிமூட்டை மடக்கியும் நடுமூட்டையும் நுனிமூட்டையும் நிமிர்த்தியும் கட்டுகிறார்கள். சிறு சுளுக்கை அலட்சியம் செய்வது எவ்வளவு தவறோ, அதை வீணே மாதக் கணக்கில் கட்டி வைப்பதும் அவ்வளவு தவறு.

விரல் பின்னுக்கு மடங்கி உள்ளங்கைப் பக்கத்துத் தகட்டு நார் கிழிந்திருந்தால், விரல் முழுவதும் நிமிராதபடி சிறிது மடக்கிய நிலையில் புறங்கைப் பக்கம் ஒரு தடுப்பு வைத்து, மடக்குவதற்கு மட்டும் இடங்கொடுப்பார்கள். இதன் அளவையும் நாட்களையும் வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும்.

நடுமூட்டில் ஏற்பட்ட வீக்கம், வலி தீர்ந்த பின்னும் பல மாதங்கள் நீடிப்பது இயற்கை. விரல் நன்றாக மடங்கி நிமிருமானால் அது பற்றிக் கலங்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மூட்டைத் திரும்பத் திரும்ப நீவிக் கிளறுவதனால் வீக்கம் நீடிக்குமேயன்றித் தணியாது.

7. பெருவிரலின் அடிமூட்டு

கைக்காயங்களில் விவசாயி முக்கியமாய் அஞ்ச வேண்டியது பெருவிரலின் அடிமூட்டில், ஆட்காட்டி விரலை நோக்கிய பக்கத்திலுள்ள பிணைநார் அறுதல். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எதிரெதிர் நின்று ஒரு பொருளைப் பற்றும்போது அப்பிடியின் பலம் இந்நாரின் மேல்தான் விழுகிறது. நாற்றுமுடியிலிருந்து நாற்றைப் பிரிப்பதும், அரிவாட் பிடியை இறுக்குவதும், பூட்டில் சாவியைத் திருப்புவதும் இதனால்தான் முடிகின்றன.

இக்காயம் தொழிலோடு சேர்ந்தது என்பதற்குப் பிற தேசத்திலிருந்தும் சான்று உண்டு. ஸ்காட்லாந்து தேசத்தில் வேட்டைக் காடுகளைக் காக்கும் காவலர்கள், அடிபட்ட முயல்களின் கழுத்தைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து முறிப்பது வழக்கம். இவ்வேலையைப் பல்லாண்டு செய்த காவலர்களின் பெருவிரல் அடிமூட்டில் இந்நார் தளர்ந்து பிடிப்புக் குன்றியிருப்பதைக் காம்ப்பெல் என்னும் வைத்தியர் 1955-ஆம் வருஷத்தில் எடுத்துரைத்தார். அது முதல் இக்காயத்துக்குக் ‘காவலன் பெருவிரல்’ என்ற பொருள்படும் பெயர் வைத்திய நூல்களில் நிலைத்தது. ஒரே திசையில் நாள்தோறும் தள்ளப்படும் நார் சிறிது சிறிதாகத் தளர்வதும் உண்டு. தடியைப் பிடித்தபடி வரப்பில் விழுந்தவருக்கு ஒரே நொடியில் அறுவதும் உண்டு என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

இந்நார் முற்றும் அறுந்தால் தானே ஏன் கூடுவதில்லை என்பதை ஸ்வீடன் தேசத்து ஸ்டெனெர் என்னும் வைத்தியர் 1962-இல் விளக்கினார். அறுந்த நாரின் முனை, பெருவிரலை உட்புறம் இழுக்கும் தசையின் மெல்லிய விரிப்பைத் தாண்டி அதன் மேற்புறம் வந்து தங்கிவிடுகிறது. நார் மேலும் எலும்பு கீழுமாக இருக்க, நடுவே அவ்விரிப்பு திரைபோல் நிற்கிறது. வேலிக்கு இப்பாலுள்ள கயிற்று முனையும் அப்பாலுள்ள முளையும் எத்தனை நாளானாலும் தாமே முடிந்துகொள்வதில்லை. அதுபோலவே இதுவும், எவ்வளவு தைலம் தடவினும், எத்தனை வாரம் கட்டினும் ஒட்டாது. சஸ்திர சிகிச்சையால் முனையை மீட்டு எலும்போடு சேர்ப்பதே வழி. அதை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்தால் பலன் நன்றாயிருக்கும். மாதங்கள் கழிந்தபின் நார் சுருங்கிவிடுமாதலால், வேறிடத்திலிருந்து நார் எடுத்து வைக்கவோ, மூட்டையே அசையாமற் செய்துவிடவோ நேரிடும்.

நார் பாதி மட்டும் கிழிந்திருந்தால் சஸ்திர சிகிச்சை வேண்டுவதில்லை. பெருவிரலை அசையாமல் நான்கு முதல் ஆறு வாரம் கட்டி வைப்பதால் பெரும்பாலும் குணமாகும். ஆகவே, விழுந்தபின் பெருவிரலின் அடியில் உட்பக்கம் அழுத்தினால் வலித்தாலும், பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்த காகிதத்தைப் பிறர் எளிதாய் உருவிக்கொள்ள முடிந்தாலும், ஒரு வாரத்துக்குள் வைத்தியரிடம் காட்டுவது கடமை. மூட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கும் பரீட்சையை வைத்தியரே செய்யட்டும். வீட்டில் பலவந்தமாகச் செய்தால் பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகும்.

8. சுளுக்கைப் போல் தோன்றும் வேறு மூன்று காயங்கள்

பின்வரும் மூன்றும் தசைநாணில் நேர்வன. முதல் நாட்களில் சாதாரணச் சுளுக்கைப் போலவே தோன்றும்.

(அ) நுனி தொங்கிய விரல். நீட்டிய விரலின் நுனியில் மூட்டையோ பந்தோ மோதியபின் நுனிமூட்டு தொங்கி, தானே நிமிராமற் போகும். இதற்கு நுனிமூட்டை நேராக நிறுத்தும் சிறு தாங்கியை ஆறு முதல் எட்டு வாரம் இரவும் பகலும் அணிய வேண்டும். தோலைச் சுத்தம் செய்யத் தாங்கியைக் கழற்றும்போதும் விரல் நுனியை மேஜையின்மேல் நேராக வைத்திருக்க வேண்டும். இடையில் ஒரு முறை தொங்கவிட்டாலும் நாட்கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

(ஆ) நடுமூட்டு மடங்கிய விரல். நடுமூட்டின் மேற்புறத்தில் அடிபட்டு அங்குள்ள தசைநாணின் நடுப்பட்டை அறும். முதலில் வீக்கம் மட்டுமே தெரியும். ஓரிரு வாரங்களில் நடுமூட்டு மடங்கியும் நுனிமூட்டு பின்னுக்கு வளைந்தும் நின்றுவிடும். தொடக்கத்திலேயே அறிந்தால் நடுமூட்டை நேராக ஆறு வாரம் நிறுத்தி, நுனிமூட்டை மட்டும் மடக்கிவரக் குணமாகும்.

(இ) நுனி மடங்காத விரல். மிரண்ட மாட்டின் கயிற்றையோ ஓடுபவன் சட்டையையோ பற்றிய விரல் வலிந்து நிமிர்த்தப்பட, உள்ளங்கைப் பக்கத்துத் தசைநாண் எலும்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். மோதிர விரலில்தான் இது மிகுதி. மற்ற விரல்கள் மடங்க, இதன் நுனி மாத்திரம் நேராய் நிற்கும். அறுந்த தசைநாண் உள்ளங்கை வரை பின்வாங்கிவிடக் கூடுமாதலால், சில நாட்களுக்குள்ளேயே சஸ்திர சிகிச்சை தேவைப்படும்.

இவற்றைக் கண்டறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. அடிபட்ட விரலின் நடுப்பகுதியை மற்றக் கையால் அசையாமற் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கி நிமிர்த்தச் சொல்ல வேண்டும். அடுத்து, அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நடுமூட்டை அவ்வாறே செய்யச் சொல்ல வேண்டும். பிறகு மெல்ல முஷ்டி பிடிக்கச் சொல்லி, ஒரு விரல் மற்றொன்றின்மேல் ஏறுகிறதா என்று நோக்க வேண்டும். ஏறுமாயின் எலும்பு முறிந்து திரும்பியிருக்கலாம். இவற்றில் எது குறைப்பட்டாலும் அது வெறுஞ் சுளுக்கன்று.

9. மணிக்கட்டு

கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டிலுள்ள சிறு எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழிதலும், அவ்வெலும்புகளில் படகு வடிவமான ஒன்று முறிதலும் உண்டு. பெருவிரலை விறைப்பாக நீட்டும்போது அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு சிறு குழி தோன்றும். அக்குழியில் அழுத்தினால் வலி கண்டால் முறிவென்று சந்தேகிக்க வேண்டும். இம்முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமற் போவது உண்டு. ஆகையால் வைத்தியர் கட்டுப்போட்டு, பத்துப் பதினான்கு நாட்கள் கழித்து மறுபடி எக்ஸ்ரேக்கு வரச் சொன்னால் அதை வீண் அலைச்சல் என்று எண்ணலாகாது. கவனியாது விட்ட முறிவு கூடாமல் நின்று, வருஷங்கள் கழித்து மணிக்கட்டு முழுவதும் தேய்ந்து நோகும்.

10. செல்ல வேண்டிய இடங்கள்

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், அண்ணாமலைநகரில் 1985-ஆம் வருஷத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டுப் பிற்பாடு மாநில சர்க்காரின் சுகாதார இலாகா வசமான மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இப்பகுதியாருக்கு அருகிலுள்ளவை. கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கிய கைச் சஸ்திர சிகிச்சைப் பிரிவு இத்துறையில் தேசத்திலேயே முன்னோடியாகும். கடினமான காயங்களை உள்ளூர் வைத்தியரின் கடிதத்தோடு அவ்விடம் கொண்டு செல்லலாம்.

கயிற்றில் சிக்கி விரல் துண்டாகிவிட்டால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து, 108 வண்டியை அழைத்து உடனே புறப்பட வேண்டும். துண்டை நேரே பனிக்கட்டியில் வைக்கக் கூடாது.

11. வருமுன் காத்தல்

மாட்டுக் கயிற்றை உள்ளங்கையில் பற்றலாமேயன்றி, விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளலாகாது. இழுத்தால் கயிறு கையைவிட்டு நழுவும்படி இருக்க வேண்டும். ஓடிய மாட்டைத் தேடிப் பிடிக்கலாம். போன விரலைத் தேடிப் பயனில்லை. மாடு, இயந்திரம், மூட்டை ஆகியவற்றோடு வேலை செய்யும்போது மோதிரம் அணியாதிருத்தல் நலம். எஞ்சின் கைப்பிடியைப் பிடிக்கையில் பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, பிடியை மேல்நோக்கி இழுக்க வேண்டும். பெருவிரலால் வளைத்துப் பிடித்தால் எதிரடி அதன்மேல் விழும். நடவு காலத்தில் ஆட்கள் நடமாடும் வரப்பில் வைக்கோல் பரப்பி வைத்தால் வழுக்கல் குறையும். வரப்பில் நடக்கும்போது மண்வெட்டியைக் கையில் இறுகப் பற்றி ஊன்றிக்கொண்டு செல்லாமல் தோளில் வைத்துச் செல்வது நன்று.

12. நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் செய்ய வேண்டியவை

தம் விரலுக்கு வைத்தியம் தேடும் நிலச்சுவான்தார், தம் வயலில் வேலை செய்யும் ஆளின் விரலுக்கும் அவ்வாறே தேட வேண்டும். கூலியாள் ஒருவருக்கு அறுவடைக் காலத்தில் பெருவிரல் நார் அறுந்ததென்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட்கூலி போய்விடுமே என்று அஞ்சி அவர் ஆஸ்பத்திரிக்குச் செல்லாமல் அறுவடை முழுவதும் வேலை செய்வார். அறுவடை முடிவதற்குள் சிகிச்சைக்குரிய மூன்று வாரங்களும் கழிந்துவிடும். அப்பால் அவருக்கு இறுகப் பிடிக்கும் வேலை எதுவும் ஆகாது. அக்குடும்பத்துக்கு நேரும் நஷ்டம் ஒரு போகத்தோடு தீர்வதன்று. முதல் வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் போக்குவரத்துச் செலவும் கொடுத்து அனுப்பி, கட்டு அவிழும் வரை களங்காவல், நீர் பார்த்தல் போன்ற இலேசான வேலை கொடுப்பது நிலச்சுவான்தாருக்குப் பெரும் பாரமாகாது. பழகிய ஆளின் கையைக் காப்பது அவருக்கும் இலாபமே.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்தினால் ஏற்படும் ஊனத்துக்கும் உதவி அடங்கியிருக்கிறது. எனவே, காயம்பட்ட தேதி, இடம், விதம் ஆகியவை ஆஸ்பத்திரிச் சீட்டில் முதல் நாளே சரியாக எழுதப்படுமாறு பார்த்துக்கொள்ளும்படி குடிகளுக்குச் சொல்லி வைப்பது நன்று. பிற்பாடு சான்று தேடி அலைவது கடினம்.

சுருக்கம்

1. அடிபட்டவுடன் மோதிரத்தைக் கழற்று, கையை உயர்த்து, குளிர்ச்சி கொடு.

2. நீவாதே, இழுக்காதே, இறுகக் கட்டாதே.

3. விரல் கோணினாலும், நுனி மடங்காமலோ நிமிராமலோ போனாலும், முஷ்டியில் விரல்மேல் விரல் ஏறினாலும், மரத்துப் போனாலும் அன்றே வைத்தியரிடம் செல்.

4. பெருவிரலின் பிடி தளர்ந்தால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திராதே.

5. உறுதியான மூட்டின் சிறு சுளுக்கை அண்டை விரலோடு கட்டி, நாள்தோறும் மடக்கி நிமிர்த்து. வீணே மாதக் கணக்கில் கட்டி வைக்காதே.

6. மாட்டுக் கயிற்றை ஒருபோதும் விரலில் சுற்றாதே.

இவ்வாறு விதைப்புக்கும் உரமிடுதலுக்கும் பருவம் பார்ப்பது போலவே கைக்காயத்துக்கும் பருவம் பார்ப்போமாயின், முதல் வாரத்துச் சிறு கவனத்தால் பல வருஷத்து உழைப்பைக் காத்துக்கொள்ளலாம்.